சிறுநீரகப் புற்றுநோய் யாரைத் தேடி வருகிறது?

எமது கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து இளைப்பாறிய நண்பர் ஒருவர், ஒருநாள் மாலை எமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னார். முந்திய வாரத்தில் ஒரு காலை அவர் கழித்த சிறுநீர் வெறுந்தேநீரின் நிறமாக இருந்ததாம். நோவு இல்லை, எரிவு இல்லை, காய்ச்சலும் இல்லை. “சூடு மாஸ்டர், வேறை ஒண்டுமில்லை. ரண்டு செவ்விளநி குடிச்சன், நிண்டிட்டுது” என்று கூறிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். யாமும் தலையசைத்தோம். பட்டதாரி என்ற பெயர் எமக்கும் உண்டு. ஆயினும் அன்று அது வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்தியாக எமக்குப் படவில்லை. நெருஞ்சில் கஷாயமும் நல்லது என்று ஒரு யோசனையும் கூறிவைத்தோம்.

எட்டு மாதங்கள் கழித்து அதே குருதி மீண்டும் தோன்றிற்று. இம்முறை இளநீருக்கு அது அடங்கவில்லை. ஸ்கான் எடுத்தபோது இடப்பக்கச் சிறுநீரகத்தின் கீழ்ப்பாகத்தில் தேசிக்காயினும் பெரியதொரு கட்டி இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் என்றார்கள். சிறுநீரகம் முழுவதும் அகற்றப்பட்டது. நண்பர் இன்று நலமாக இருக்கிறார். எனினும் அந்த எட்டு மாதங்களை எண்ணும்போதெல்லாம் எமது தலையசைப்பும் நினைவுக்கு வருகிறது. இந்நோய் எத்தகையோரை நாடி வருகிறது என்பதை அதன் பின்னரே யாம் தேடிப் படித்தோம். வைத்தியர்களாயுள்ள எமது பழைய மாணாக்கரிடம் கேட்டும் அறிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

முதுகெலும்பின் இரு பக்கத்தும், விலாவெலும்புகளின் கீழ் ஒதுங்கி, அவரை வித்தின் வடிவில் கைமுட்டி அளவினவாய் இருப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றினுள்ளும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்வடிகள் உள. இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஐந்திலொரு பங்கு இவற்றின் வழியே செல்கிறது. ஒரு நாளில் 180 லீற்றர் அளவான நீரை இவை வடித்தெடுத்து, அதில் ஒன்றரை லீற்றரை மாத்திரம் சிறுநீராகக் கழியவிட்டு, எஞ்சியதைக் குருதிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. நாம் உண்பதும் பருகுவதும் புகைப்பதும் விழுங்குவதும் ஆகிய யாவும் குருதியிற் கலந்த பின்னர் இவ்வடிகளைக் கடந்தே தீரவேண்டும். நாம் எவ்வாறு வாழ்கிறோம் என்பது சிறுநீரகத்துக்குத் தெரியாமற் போவதில்லை.

முதிர்ந்தோரிடத்தில் தோன்றும் சிறுநீரகப் புற்றுநோய்களுள் பத்தில் ஒன்பது பங்கு வரை, அந்நுண்வடிகளைச் சார்ந்த குழாய்களின் உட்படையிலுள்ள கலங்களிலிருந்து எழுவன. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 4 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் புதிதாகப் பீடிக்கப்பட்டனர் என்றும், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்றும், பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டுள்ளது. ஆண்களுக்கு இது பெண்களினும் ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. நாற்பத்தைந்து வயதுக்கு முன் அருமையாகவே தோன்றும். அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரிடத்தேதான் மிகுதி. ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படுவோரின் சராசரி வயது அறுபத்தைந்து. சிறுகுழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் கட்டி வேறு இனத்தது. அதற்கும் வாழ்க்கைப் பழக்கங்களுக்கும் தொடர்பில்லை. ஆதலால் அத்தகைய பிள்ளையின் பெற்றோர் தம்மை நொந்துகொள்ள யாதொரு நியாயமும் இல்லை.

வயதும் பாலும் நம் கையில் உள்ளவையல்ல. ஆனால் நாட்டின் நிலைமையை அறிய அவை உதவும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதை அடைந்தோரும் கடந்தோரும் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல். அத்தொகை வளர்ந்துகொண்டே செல்கிறது. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, வீட்டிலே முதியோர் இருவர் மாத்திரம் விளக்கேற்றி வாழும் ஒழுங்கைகள் எமது ஊரிலேயே பல. முதியோர் பெருகும் நாட்டில் முதுமையின் நோய்களும் பெருகும்.

இனி, உலகப் படத்தை விரித்து நோக்குவோம். செக்கு நாடும் லித்துவேனியாவும் அவற்றின் அயல் நாடுகளும் இந்நோயில் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கின்றன. ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் இது பல மடங்கு குறைவு. குறைவு என்றதும் நம்மவர் மகிழ்ந்துவிடலாகாது. ஸ்கான் செய்யும் வசதி பெருகிய நாடுகளில், வேறெதற்கோ வயிற்றைச் சோதிக்கும்போது இக்கட்டிகள் தற்செயலாக அகப்படுகின்றன. வசதி குறைந்த இடங்களில் அவை அறியப்படாமலே போகின்றன. எனினும் செக்கு நாட்டின் மிகுதியை இவ்விளக்கம் முற்றாகத் தீர்க்கவில்லை. புகைத்தலையும் பருமனையும் இரத்த அமுக்கத்தையும் கணக்கிற் சேர்த்தாலும் மிச்சம் நிற்கிறது. இப்புதிரை அவிழ்க்கவென்று பதினொரு நாடுகளைச் சேர்ந்த 962 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றின் பரம்பரையலகுகளில் விழுந்துள்ள வடுக்களைப் படித்து, 2024 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கூட்டத்தினர் முடிவுகளை வெளியிட்டனர். கள்வனின் கைரேகையைப் போல, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் சில தத்தமக்குரிய வடுவைக் கலத்தில் விட்டுச்செல்கின்றன. யப்பானியரின் கட்டிகளிற் பெரும்பாலானவற்றில் பிற நாடுகளில் அரிதாகக் காணும் ஒரு வடு இருந்தது. அதனை உண்டாக்கியது யாதென்று இன்னமும் துணியப்படவில்லை. மற்றொரு வடு, நோய் மலிந்த நாடுகளில் மிகுந்தும் மலியாத நாடுகளிற் குறைந்தும் காணப்பட்டது. அதன் காரணமும் மறைவாகவே உள்ளது. ஆனால் ருமேனியா, சேர்பியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் நோயாளரிடத்தே கண்ட வடுவின் காரணம் தெளிவாகத் தெரிந்தது. அது ஒரு மூலிகை.

இம்மூலிகையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் அது நம் வீட்டு வேலிவரை வருகிறது. தன்யூப் நதியின் கிளையாறுகளை அடுத்த கிராமங்களில், குடியானவர்கள் நடுவயதில் சிறுநீரகம் சுருங்கி மாள்வதையும், அவர்களுட் பலருக்குச் சிறுநீரகத்தின் வடிகாற் பகுதியிற் புற்றுநோய் தோன்றுவதையும் 1950 களில் வைத்தியர்கள் குறித்துவைத்தனர். ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் வரும். அடுத்த கிராமத்தில் ஒருவருக்கும் வராது. நீரைச் சந்தேகித்தனர், பூஞ்சணத்தைச் சந்தேகித்தனர், குடும்பச் சாபம் என்றுகூட அயலவர் கூறியிருக்கக்கூடும். கோதுமை வயல்களிற் களையாக வளரும் அரிஸ்தொலோக்கியா என்னும் இனச் செடியின் வித்துக்கள் அறுவடையிற் கலந்து, மாவாகி, அப்பமாகி, ஆண்டுக்கணக்கில் உண்ணப்பட்டமையே காரணம் என்று 2007 ஆம் ஆண்டளவில் தெளிவாக நிறுவப்பட்டது. இதற்கிடையே பெல்சிய நாட்டில், உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. அங்கும் ஒரு மூலிகைக்குப் பதிலாக இதே இனத்தைச் சேர்ந்த வேறொன்று தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1993 இல் அது வெளியாயிற்று. பின்னர் அவர்களுட் பலருக்குப் புற்றுநோயும் கண்டது. இவ்வினச் செடிகள் கலந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்று லியோன் நிலையம் 2002 ஆம் ஆண்டில் ஐயமின்றி வகைப்படுத்தியது.

அரிஸ்தொலோக்கியா என்ற பெயர் நமக்குப் புதிது. ஆனால் ஈச்சுரமூலி, தலைச்சுருளி, பெருமருந்து என்ற பெயர்கள் புதியனவா? ஆடுதின்னாப்பாளை என்ற பெயர் புதிதா? இவை அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஈச்சுரமூலியைச் சிங்கள வைத்தியர்கள் சப்சந்த என்பர். விஷக்கடிக்கும் வயிற்றுக் கோளாறுகளுக்கும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மூலிகை அது. எமது பாட்டியாரின் மருந்துப் பெட்டியிலும் அதன் வேர் இருந்ததாக நினைவு. சித்த வைத்தியத்தை இகழ்வது எமது நோக்கமன்று. அதனால் நலம்பெற்ற குடும்பத்தில் வந்தவர்களே யாம். ஆயினும் விஷக்கடிக்கு ஒருமுறை கொடுப்பது வேறு. தாமாகவே பறித்து அரைத்து நாள்தோறும் விழுங்குவது வேறு. இம்மூலிகையின் நஞ்சு வேரிலும் வித்திலும் இலையிலும் இருக்கிறது, காய்ச்சுவதால் நீங்கிவிடுவதில்லை, அதன் வடு பல ஆண்டுகள் கழித்தும் வேலை செய்கிறது. கையிலே தைலமும் தூளும் கொண்டு வீடு வீடாக வருவோரிடம், இதில் என்ன மூலிகை இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நண்பருக்கு மூலிகைப் பழக்கம் இருக்கவில்லை. சுருட்டுப் பழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி எழுதும்போது எமக்குப் பேனை சிறிது தயங்குகிறது. ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறிச் சென்ற சரக்கு அது. புகையிலைத் தோட்டத்து வருவாயில் கல்லூரிக் கட்டணம் செலுத்திப் படித்தவர்கள் எமது குடும்பத்திலும் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். புகைத்தல் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது முடிந்த முடிபு. புகைப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு, புகையாதோரைப் பார்க்கிலும் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை கூடுதல் என்று ஆய்வுகள் கூறும். எத்துணை மிகுதியாகப் புகைக்கிறோமோ அத்துணை மிகுதி. விட்டுவிட்டால் அவ்வாய்ப்புக் குறைந்து வருகிறது. ஆனால் மெல்லவே குறைகிறது, பத்தாண்டு, அதற்கு மேலும் ஆகும். இவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை சிகரெட்டைப் பற்றியவை என்பது உண்மை. “அப்ப சுருட்டுக்கு விதிவிலக்கு உண்டு” என்று நண்பர் கணித ஆசிரியர்க்குரிய நுட்பத்தோடு வாதிட்டார். புகை நுரையீரலுக்குள் இறங்காவிட்டாலும் அதன் நஞ்சு வாயின் வழியாகவே குருதியிற் சேரும் என்று வைத்தியர் விடையிறுத்தார்.

உடற்பருமன் அடுத்தது. உயரத்துக்கு ஏற்ற நிறையை அளக்க வைத்தியர்கள் ஒரு சுட்டெண்ணைக் கையாளுகிறார்கள்; நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது அது. இச்சுட்டெண் ஐந்து அலகு உயருந்தோறும் சிறுநீரகப் புற்றுநோய் வாய்ப்பு ஆண்களுக்கு நூற்றுக்கு 24 பங்கும், பெண்களுக்கு 34 பங்கும் உயர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2008 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று காட்டிற்று. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர்க்கு ஐந்து அலகு என்பது ஏறக்குறைய பதினான்கு கிலோ. கலியாணத்தின்போது எடுத்த நிழற்படத்தையும் இன்றைய கண்ணாடியையும் ஒப்பிட்டு நோக்கினால், நடுத்தர வயதினர் பலர்க்கு இப்பதினான்கு கிலோவும் எங்கே சேர்ந்திருக்கிறது என்பது விளங்கும். பெண்களின் பங்கு ஆண்களினதைவிட உயர்ந்திருப்பதையும் கவனிக்க. மாலையிற் சிறிது நடந்துவரலாம் என்று நம் வீட்டுப் பெண்கள் சொன்னால், தேநீர் யார் போடுவது என்று கேட்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பருமனோடு கைகோத்து வருவது இரத்த அமுக்கம். சுவீடன் தேசத்தில் கட்டட வேலை செய்த 363,992 ஆண்களை 1971 முதல் 1992 வரை வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தி, பின்னர் அவர்களுள் யார் யாருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். அமுக்கம் உயர உயர நோயும் உயர்ந்தது. பருமன் உயர உயரவும் அவ்வாறே. அன்றியும், இடையில் அமுக்கம் குறைந்தவர்களுக்கு நோய் வாய்ப்பும் குறைந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வில் எமக்கு மிகவும் ஆறுதலளித்த பகுதி இதுவே. வயதைக் குறைக்க முடியாது, அமுக்கத்தைக் குறைக்கலாம். நம்மவரோ குளிசையைத் தொடங்கி, இரண்டு மாதத்தில் “இப்ப சுகம்” என்று தாமே நிறுத்திவிடுகிறார்கள். அமுக்கம் உயர்ந்தாலும் தலை சுற்றவேண்டும், கண் இருளவேண்டும் என்ற நியதி இல்லை. எமது அயலில் ஒரு தபாலதிபர் ஈராண்டாகக் குளிசையை அலுமாரியிற் பூட்டிவைத்திருந்தார், அது உடம்பைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தால்.

நோவு மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெனசெற்றின் என்னும் மருந்து ஒருகாலத்தில் தலையிடித் தூள்களில் உலகெங்கும் கலக்கப்பட்டது. சுவீடனில் ஹஸ்க்வார்னா என்னும் தொழிற்சாலை நகரத்துத் தொழிலாளர் அத்தகைய தூளை வெற்றிலை போல நாள்தோறும் வழங்கிவந்தனர், சிறுநீரகம் கெட்டது, சிறுநீரக வடிகாலிற் புற்றுநோயும் கண்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டில் அது விலக்கப்பட்டது. உலோகத்திற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் ரைக்குளோரோ எதிலீன் என்னும் திரவமும் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணம் என 2012 இல் லியோன் நிலையத்தார் முடிவுசெய்தனர். வட கரோலினா மாநிலத்திலுள்ள லெஜூன் கடற்படைவீரர் முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் இத்தகைய திரவங்கள் கலந்திருந்தன. அங்கு வாழ்ந்து இந்நோயுற்றோர்க்கு அமெரிக்க அரசு உதவித்தொகை வழங்குகிறது. பொறிகளைக் கழுவும் வேலைத்தலங்களில் இளைஞரை அனுப்புவோர், திரவத்தின் பெயரைக் கேட்டறிவதும் கையுறையும் காற்றோட்டமும் வேண்டுவதும் முறை.

குடும்ப வரலாற்றையும் விட்டுவிடலாகாது. தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவர்க்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவர்க்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. வொன் ஹிப்பெல் லிண்டோ என்ற பரம்பரைநோய் உள்ள சில குடும்பங்களில் இளவயதிலேயே இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் எழும். அதற்குரிய பரம்பரையலகு 1993 இற் கண்டுபிடிக்கப்பட்டது. அது எவ்வாறு பழுதுபடுகிறது என்ற ஆராய்ச்சியும் கலங்கள் ஒட்சிசனை எவ்வாறு உணர்கின்றன என்ற ஆராய்ச்சியும் ஒன்றுசேர்ந்து, மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019 ஆம் ஆண்டின் நொபெல் பரிசைத் தேடித்தந்தன.

அநுராதபுரம் முதலிய வடமத்திய பகுதிகளில் 1990 கள் முதல் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயையும் இதனையும் ஒன்றாக எண்ணிப் பலர் கலங்குகிறார்கள். அது சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழக்கும் நோய், புற்றுநோயன்று. ஆனால் எக்காரணத்தாலாயினும் சிறுநீரகம் செயலிழந்து, பல்லாண்டுகள் இயந்திரத்தால் குருதி சுத்திகரிக்கப்படுவோரின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் உண்டாகி, அவற்றிற் சில புற்றாக மாறக்கூடும். அத்தகையோரை வைத்தியர்கள் தனியே கவனித்து வருகிறார்கள்.

உணவைப் பற்றியும் மதுவைப் பற்றியும் கேட்போர் உளர். மரக்கறி உணவு இந்நோயைத் தடுக்கும் என்று எழுத எமக்கு ஆசைதான். ஆய்வுகள் அவ்வாறு ஒருமித்துக் கூறவில்லை. மதுவோ, அளவாகக் குடிப்போர்க்கு இந்த ஒரு புற்றுநோய் சிறிது குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நண்பர் சிலரிடம் இதனை வெளியிடவே யாம் அஞ்சுகிறோம். வாய், தொண்டை, ஈரல், மார்பு ஆகிய இடங்களில் அதே மதுவே புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற வரியை அவர்கள் வாசிக்காமலே பத்திரிகையை மடித்துவிடுவார்கள்.

சிறுநீரிற் குருதி, விலாப்பக்கத்தில் நோவு, வயிற்றிற் கைக்குத் தட்டும் கட்டி என்று மூன்று குறிகளைப் பழைய நூல்கள் வகுத்தன. மூன்றும் ஒருங்கே அமைவது பத்துப் பேரில் ஒருவரிடத்தேதான். அவ்வாறு அமையும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். குருதி ஒருநாள் தோன்றி மறுநாள் தானே நின்றுவிடுவது இந்நோயின் வஞ்சகம். நின்றமை இளநீரால் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கல், தொற்று, பெருத்த புரஸ்தக் கோளம் முதலிய வேறு காரணங்களாலும் குருதி வரலாம். பலருக்கு அவையே காரணமாக இருக்கும். நோவின்றி வந்த குருதி, அதிலும் நாற்பதைக் கடந்தவர்க்கு வந்த குருதி, ஒருமுறையே ஆயினும் வைத்தியரிடம் சொல்லப்படவேண்டும். கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டுகொண்டால், ஐந்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேர் உயிர்வாழ்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் அத்தொகை பத்தில் இருவர்க்கும் குறைவு. சிறிய கட்டியாயின் கட்டியை மாத்திரம் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் இன்று சத்திரசிகிச்சை வைத்தியர்களால் இயலும்.

ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழமுடியுமா என்பது நண்பரின் மனைவியார் கேட்ட முதற் கேள்வி. அதே கேள்வியைக் குஸ்தாவ் சீமோன் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை வைத்தியரும் ஒருகாலத்திற் கேட்டார். முதலில் நாய்களிற் சோதித்துப் பார்த்த பின், 1869 ஆகஸ்ட் 2 ஆந் திகதி ஹைடெல்பேர்க் நகரில் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அப்பெண் பிழைத்தெழுந்து பல ஆண்டுகள் வாழ்ந்தார். இதனை யாம் எடுத்துச் சொன்னபோது அந்த அம்மையார் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகச் சிறிது தெளிவு தோன்றிற்று.

நண்பர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். சுருட்டை விட்டுவிட்டார், விட்ட நாளைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டும் வைத்திருக்கிறார். சென்ற தடவை துணைக்குச் சென்ற யாம் வாங்கில் அமர்ந்திருந்தபோது, அங்கிருந்த தாதியார், “சேர், உங்களுக்கும் ஒருக்காப் பாப்பமே?” என்று கேட்டு எமது கையிலும் பட்டியைச் சுற்றினார். 152 க்கு 96 என்று காட்டிற்று. எமக்கு நாற்பத்தேழு வயது. தலை சுற்றவில்லை, கண் இருளவில்லை. குளிசை எழுதித் தந்திருக்கிறார்கள். வருகிற ஆவணியில் நண்பருக்கு அடுத்த தவணை; அன்றைக்கு இருவருமாகவே வரிசையில் நிற்பதாக ஏற்பாடு.